மூன்று ஆறுகளுக்கான லாரி

லாரி ஷெட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரிவர்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். முன்னால் போவதில் மற்ற டிரைவர்களுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. பின்னால் வருவதில்தான் அவர் தனி ரகம். எந்தச் சந்தாக இருந்தாலும் எந்தக் கிடங்கு வாசலாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் இருந்தால் போதும். கண்ணாடிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை அலுங்காமல் உள்ளே செருகிவிடுவார். மற்ற டிரைவர்கள் தங்கள் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பதும் உண்டு. அதற்குக் கூலி ஒரு டீ.

இந்தத் திறமையைப் பற்றி அவர் வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அது வேலை. வேலையைப் பற்றி வீட்டில் பேச என்ன இருக்கிறது? வீட்டில் அவர் பேசியதெல்லாம் ஏரியைப் பற்றி.

ஏரி வந்த கதை இதுதான். கல்யாணமான முதல் வருடம், இரண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஐந்தாம் நாள் வந்தார். ஒரு கிடங்கில் சரக்கை இறக்க ஆள் வராமல், மூன்று நாள் லாரிக்கு அடியில் பாய் போட்டுப் படுத்திருந்தார். அதைச் சொன்னால் புது மனைவி என்ன நினைப்பாள்? லாரிக்கு அடியில் படுக்கிற ஆளுக்கா வாழ்க்கைப்பட்டோம் என்று நினைப்பாள். ஆகவே வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்குள் ஒரு கயிற்றைத் திரித்துவிட்டார். ரோடு அடைபட்டுவிட்டது, மலைப் பாதையில் சுற்றிப் போக வேண்டியதாகிவிட்டது, உச்சியில் ஒரு ஏரி, அப்படியொரு ஏரியை நீ கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டாய்.

ஏரிக்கும் அவருக்கும் இருந்த உறவு ஓர் அறிவிப்புப் பலகையோடு சரி. மலைப் பாதை பிரிகிற இடத்தில் 'ஏரி' என்று எழுதி அம்புக்குறி போட்டு ஒரு பலகை நின்றது. அதன் கீழே, 'சரக்கு லாரிகள் நுழையக் கூடாது' என்று இன்னொரு வரி. அந்த முனையை அவர் முந்நூறு தடவையாவது கடந்திருப்பார். ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற மனைவி, கதையைக் கேட்டதும் கையை எடுத்தாள். "தண்ணி என்ன நிறம்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் ரிவர்ஸ் வழுக்கி விழுந்தார். விழுந்தவர் முப்பது வருடம் எழுந்திருக்கவில்லை.

தாமதமாக வந்தபோதெல்லாம் ஏரி கைகொடுத்தது. நாளாக நாளாக ஏரிக்குப் போகிற பாதை மோசமாகிக்கொண்டே வந்தது. முதலில் குறுக்கே ஒரு வாய்க்கால்தான் ஓடியது. நான்காம் வருடம் அது மூன்று ஆறுகளாகப் பெருகி, தண்ணீர் பானட் வரை ஏறிற்று. யானை உயரத்துக்குப் பாறைகள் முளைத்தன. மரங்கள் குறுக்கே விழுந்தன. அவற்றை அவர் ஒற்றை ஆளாகக் கயிறு கட்டி இழுத்துப் போட்டார். ஒரு தடவை குளிரில் டீசலே உறைந்துவிட்டது. தையல் யூனிட்டிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குக் காஜா எடுத்தபடியே மனைவி எல்லாவற்றையும் கேட்பாள். குறுக்குக் கேள்வி கிடையாது. ஊசியை இழுத்துவிட்டு, "அப்புறம்?" என்பாள். கதை அளக்கிறவனுக்கு அதைவிட ஆபத்தான வார்த்தை வேறு இல்லை.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தார். முதல் வாரம் வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளின் திருகுகளையும் முறுக்கினார். இரண்டாம் வாரம் சமையலறை டப்பாக்களை எடை வாரியாக அடுக்கிவைத்தார். சர்க்கரையைத் தேடி எடுக்க மனைவிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் வாரம், தெருவுக்குள் வரும் பால் வேனுக்குப் பின்னால் நின்று, "வா, வா, இன்னும் வா, ஒடி" என்று கையாட்ட ஆரம்பித்தார். பால்காரர் அந்தத் தெருவுக்குப் பன்னிரண்டு வருடமாக வருகிறவர். அவர் ரிவர்ஸின் மனைவியிடம் வந்து முறையிட்டார்.

அன்று மாலை மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஏங்க, என்னை அந்த ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

ரிவர்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் பின்வாங்குவதில் பழுத்த அனுபவம் அல்லவா, சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அது நினைச்சா போற இடம் இல்லம்மா. பஸ் ஏறாது, கார் ஏறாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற லாரி வேணும். அங்க தங்கறதுக்கு ஒரு குடிசைகூடக் கிடையாது. வீட்டையே முதுகுல தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் போகணும். அந்த மாதிரி வண்டிக்கு நாம எங்க போறது?"

பேச்சு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினால் வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். மனைவியின் தம்பி. ஊருக்கு வெளியே வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். லாரி ஸ்பிரிங் பட்டை மாற்றுவதில் பேர் வாங்கியவன். ஒரு வேலையை முடியாது என்று யாராவது சொன்னால் அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வராது.

"மாமா," என்றான் மச்சான், கண் பளபளக்க. "கல்குவாரியில கழிச்சுப் போட்ட லாரி ஒண்ணு என் பட்டறை வாசல்ல ரெண்டு வருஷமா நிக்குது. நாலு சக்கர இழுவை. லாரி முதுகுல வெக்கற மாதிரி வீட்டுப் பெட்டி ஒண்ணு, சர்வே கம்பெனிக்காரன் ஒருத்தன் செய்யச் சொல்லிட்டு வராமலே போயிட்டான், அதுவும் கெடக்கு. கட்டில், அடுப்பு, தொட்டி எல்லாம் உள்ள இருக்கு. தூக்கி வெச்சா முடிஞ்சுது."

"பாத்தீங்களா," என்றாள் மனைவி. வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மூவரும் பட்டறையில் இருந்தார்கள். லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு முகப்பு விளக்கில் குருவி கூடு கட்டிவிட்டுக் காலி செய்திருந்தது. மச்சான் ஷட்டரை இறக்கி, அதையே கரும்பலகையாக்கி, சாக்குக் கட்டியோடு நின்றான்.

"சொல்லுங்க மாமா. பாதை எப்படி?"

"சாதாரண மலைப் பாதைதான். பெருசா ஒண்ணும் பண்ண வேண்டாம்."

கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "மூணு ஆறு இருக்கே. பானட் வரைக்கும் தண்ணி வரும்னு சொல்லுவீங்களே."

"அது... அந்தக் காலத்துல."

"ஆறு எங்க மாமா போயிடும்," என்று சொல்லி மச்சான் எழுதினான்: ஆறு மூணு, பானட் மட்டம். "அப்போ இன்ஜின் மூச்சு விடற குழாயை மேல தூக்கணும். கேபின் உச்சி வரைக்கும் கொண்டுபோயிடறேன். அப்புறம்?"

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வார்த்தை. ரிவர்ஸ் முகத்தில் ஈயாடவில்லை.

"யானை உயரத்துக்குப் பாறைன்னு சொன்னார்டா," என்றாள் மனைவி.

மச்சான் எழுதினான். வண்டியை அரை அடி உயர்த்த வேண்டும், இன்ஜினுக்குக் கீழே கனத்த இரும்புத் தகடு அடிக்க வேண்டும். மரம் விழுந்த கதை வந்தது. முன் பம்பரில், மரத்தை இழுத்துப் போட, கம்பிவடம் சுற்றிய வின்ச் ஒன்று சேர்ந்தது. டீசல் உறைந்த கதை வந்தது, ஹீட்டர் சேர்ந்தது. பதினேழாம் வருடம் ஒரு பள்ளத்தில் இறங்கி மூன்று மணி நேரம் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றதாக எப்போதோ ஒரு மழை நாளில் அளந்துவிட்டது அவருக்கே மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. ஷட்டரில் இடம் போதாமல் மச்சான் சுவருக்குப் போனான்.

புளுகு மூட்டையைத் திறந்து அதற்குள்ளிருந்து ஒவ்வொரு உருப்படியாக எடுத்து இரும்பில் செய்துகொடுப்பதைப் பார்க்கிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ரிவர்ஸுக்குக் கிடைத்தது. தன்னுடைய பொய்க்குத் தானே நட்டு முறுக்கினார்.

நான்கு மாதம் வேலை நடந்தது. ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்த நான்கு மாதமும் அவர் சந்தோஷமாக இருந்தார். பின் ஆக்சிலுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டார்கள். எவ்வளவு சுமைக்கு எத்தனை பட்டை, எந்தப் பட்டை வளைந்து கொடுக்கும், எது முறியும் என்று அவர் விரலால் தட்டிப் பார்த்தே சொன்னார். மச்சான் பழைய டயர்களைக் காட்டியபோது, "இது சும்மா நிக்கறதுக்கே ஆகாது," என்று தள்ளிவிட்டார். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது பயம் மறந்துபோகும். டீ குடிக்க வெளியே வரும்போது, டிரம்மின் மேல் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிடும்.

பயம் என்றால் சண்டைக்குப் பயமில்லை. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் பார்க்காத சண்டையா? அவர் பயந்தது வேறு. ஏரி பொய் என்று தெரிந்த அன்றைக்கு, அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள். ரோட்டில் உன்னை நினைக்காத நாளில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அது சத்தியமான உண்மை. அதுவும் இந்த மூட்டையோடு சேர்ந்து போய்விடுமே என்றுதான் பயம்.

பெட்டியை லாரி மேல் ஏற்றுகிற நாள் வந்தது. இங்கே ரிவர்ஸ் முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். சுமை கட்டுவது அவருடைய பாடம். சுமை அசைந்தால் டிரைவர் செத்தான் என்பது அவர் முதல் நாள் கற்றது. பன்னிரண்டு இடத்தில் கனத்த போல்ட் போட்டுப் பெட்டியை லாரியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்த்து இறுக்கினார். ஸ்பானரின் பிடியில் ஆள் உயரக் குழாயைச் செருகி, தொங்கி இறுக்கினார்.

மச்சான் தலையைச் சொறிந்தான். "மாமா, இவ்வளவு இறுக்கணுமா?"

"முப்பத்தொரு வருஷத்துல என் சரக்கு ஓர் அங்குலம் நகர்ந்தது கிடையாது. நீ தள்ளி நில்லு."

சோதனை ஓட்டம் பட்டறைக்குப் பின்னால் மண் எடுத்த பள்ளத்தில். உள்ளே எங்கே சத்தம் வருகிறது என்று கேட்பதற்காக மச்சான் பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். ரிவர்ஸ் மெதுவாகப் பள்ளத்தில் இறக்கினார். முன்பக்கம் இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறியது, பின்பக்கம் வலது சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. லாரி பிழிந்த துணியாக முறுக்கிக்கொண்டது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெரிய முனகல், அதன்பின் பாத்திரம் விழும் சத்தம், அதன்பின் மச்சானின் குரல்.

"மாமா, கதவு தொறக்க மாட்டேங்குது."

வெளியிலிருந்து இழுத்தார்கள். கதவு அசையவில்லை. சேசிஸ் முறுக்கிய முறுக்கில் பெட்டியும் சேர்ந்து முறுக்கி, சட்டம் கதவைக் கவ்வியிருந்தது. ஜன்னல் வழியாக வரப் பார்த்தான். தலை வந்தது, தோள் வரவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டியபடி நின்றான். மனைவி பிளாஸ்க்கைத் திறந்து தம்பிக்கு டீ ஊற்றி ஜன்னலில் கொடுத்தாள். அவன் குடித்தான். வேறென்ன செய்வது?

ரிவர்ஸ் கேபினில் ஏறி, வந்த தடத்திலேயே வண்டியைப் பின்னுக்கு எடுத்துச் சமதரையில் நிறுத்தினார். கதவு தானாகத் திறந்துகொண்டது. மச்சான் இறங்கி, சேசிஸையும் பன்னிரண்டு போல்ட்டையும் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

"தார் ரோட்டுல சேசிஸ் முறுக்காது, சரி. ஆனா நீங்க அந்தப் பாறைப் பாதையில எத்தனை தடவை போயிருக்கீங்க. முறுக்கும்னு உங்களுக்கு எப்படி மாமா தெரியாம போச்சு?"

ரிவர்ஸ் எதையோ மென்று விழுங்கினார். "அப்போ லோடு அதிகம். லோடுல தெரியாது."

மனைவி குனிந்து சட்டையில் நூலைத் தேடினாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. தும்மல் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு போல்ட்டையும் கழற்றி எறிந்தான் மச்சான். பெட்டியை மூன்றே காலில் நிறுத்தினான். பின்னால் இரண்டு, முன்னால் நடுவில் ஒன்று. முன்னால் இருப்பது சுழன்று கொடுக்கும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிற மாதிரி, கீழே லாரி எப்படி முறுக்கினாலும் மேலே பெட்டி தன் பாட்டுக்கு நின்றது. மறுபடி பள்ளத்தில் இறக்கினார்கள். இந்தத் தடவை மச்சான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றான்.

கடைசியாக எடை மேடை. வண்டி தாங்குகிற எடை எவ்வளவு, முன் ஆக்சிலில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று தெரியாமல் மலையேறக் கூடாது. எடை மேடைக்காரர் பழக்கதோஷத்தில் கேட்டார்.

"என்ன சரக்கு?"

"வீடு."

"யாரோடது?"

"எங்களோடதுதான்."

எடை மேடைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். பின் ஆக்சில் கணக்கைவிட அறுபது கிலோ கூடுதலாகக் காட்டியது. மச்சான் இரண்டு தடவை கணக்குப் போட்டான், ஒத்து வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் மனைவியின் இரும்புத் தையல் மெஷின், மேஜையோடு. பக்கத்தில் தைக்க வேண்டிய சட்டை மூட்டை. ஏரிக்கரையில் உட்கார்ந்து தைக்க ஆசை என்றாள். இறக்கு என்று சொல்லும் தைரியம் இரண்டு ஆண்களுக்கும் இல்லை. தண்ணீர்த் தொட்டியை முன்னுக்கு மாற்றினார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மதியம் ரிவர்ஸ் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். ஏரி என்று பலகை இருப்பதால் ஏரி இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மனைவி ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"டீசல் உறைஞ்சுடும்னு சொல்லப் போறீங்க, அதானே? தம்பி ஹீட்டர் வெச்சுட்டான். உங்க மப்ளரை எங்க வெச்சீங்க?"

மப்ளரைத் தேடப் போனார். அதோடு தைரியமும் போயிற்று.

காலையில் மூவரும் கேபினில் ஏறினார்கள். மனைவி ஜன்னல் ஓரம், மச்சான் நடுவில். வின்ச் ரிமோட்டை மச்சான் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பிரிவு முனை வந்தது. பலகை துருப்பிடித்து, அப்படியே நின்றது. முதல் தடவையாக ரிவர்ஸ் அந்தப் பக்கம் ஸ்டீரிங்கை ஒடித்தார்.

"சரக்கு லாரி நுழையக் கூடாதுன்னு போட்டிருக்கே மாமா."

"நாம எங்கடா சரக்கு ஏத்தியிருக்கோம்," என்றாள் மனைவி.

ஆறாவது கிலோமீட்டரில் முதல் ஆறு. மச்சான் ஜன்னல் வழியாக அக்கா மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தான். கோழி ஒன்று அதைக் கடந்துகொண்டிருந்தது. கோழியின் முட்டி நனையவில்லை.

"இதுவா மாமா?"

"இந்த வருஷம் மழை இல்ல."

"பாவம், வத்திப்போச்சு," என்றாள் மனைவி.

இரண்டாவது ஆற்றில் கல் இருந்தது, தண்ணீர் இல்லை. மூன்றாவது ஆறு வரவே இல்லை. கேபின் உச்சிவரை இழுத்துக் கட்டிய காற்றுக்குழாயை மச்சான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். யானைப் பாறைகள் முழங்கால் உயரத்தில் இருந்தன. ஒரு மரம்கூட விழுந்திருக்கவில்லை. எல்லாம் இவர்களுக்கு எதிராகக் கட்சி கட்டினதுபோல நிமிர்ந்து நின்றன. ரிவர்ஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். லாரி இப்படியும் அப்படியும் முறுக்க, பெட்டி நிதானமாக வந்துகொண்டிருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

பதினாலாவது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தினார். வளைவில் பாதி ரோடு காணவில்லை. சரிந்து கீழே போயிருந்தது. வலது பக்கம் மலைச் சுவர், இடது பக்கம் பள்ளத்தாக்கு, திருப்ப இடமில்லை. முந்நூறு மீட்டருக்குப் பின்னால் ஒரு பழைய தடம் மேலே பிரிந்து போனதை வரும்போது கவனித்திருந்தார். அங்கே போக வேண்டுமென்றால் இந்த அகலத்தில், இந்த வளைவுகளில், முதுகில் வீட்டை வைத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும்.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. "நான் எறங்கிப் பின்னால நின்னு சொல்றேன் மாமா. அக்கா, நீயும் எறங்கிடு."

"நீ வேணா எறங்கு. ஆனா ஒண்ணும் சொல்லாதே," என்றார் ரிவர்ஸ். குரல் வேறாக இருந்தது.

மச்சான் இறங்கினான். மனைவி இறங்கவில்லை.

கண்ணாடி இரண்டையும் ஒரு பார்வை பார்த்தார். வண்டி நகர்ந்தது. ஸ்டீரிங் அவர் கையில் அரை விரற்கடை இந்தப் பக்கம், அரை விரற்கடை அந்தப் பக்கம் என்று போய் வந்தது. அவ்வளவுதான். அவசரமில்லை. ஒரு தடவைகூட முன்னுக்கு எடுத்துச் சரிசெய்யவில்லை. பள்ளத்தின் ஓரத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கடைசிவரை அந்த ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனைவி முதலில் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய தடம் வந்ததும் கியரை மாற்றி, "ஏறுடா மச்சான்," என்றார், கடை வாசலில் நின்றவனைக் கூப்பிடுவதுபோல.

மேலே ஒரு இடிந்த பம்ப் ஹவுஸ் தெரிந்தபோது மனைவி தலையைச் சரிசெய்துகொண்டாள். "அதைத் தாண்டினா ஏரிதான்," என்றாள்.

ரிவர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருடக் கதையில் அவர் பம்ப் ஹவுஸ் ஒன்றைக் கட்டியதே இல்லை.

தாண்டினார்கள். ஏரி இருந்தது. அவர் சொன்ன நீலம் இல்லை, பாசி கலந்த பச்சை. பறவைக் கூட்டம் என்று பார்த்தால் நாலைந்து வாத்துகள். எதிர்க்கரையில் ஒரு டீக்கடை, சிமெண்ட் பெஞ்சு. டீக்கடையை ஒட்டி வழவழவென்று ஒரு தார் ரோடு.

"மாமா," என்றான் மச்சான். "அங்க ஒரு பஸ் நிக்குது."

ரிவர்ஸ் கியரை மாற்றினார்.

"டவுன் பஸ் மாமா."

வண்டியைக் கரையோரமாகச் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்தியதும், பஸ் கண்டக்டர் பையைத் தோளில் போட்டபடி வந்து லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். காற்றுக்குழாயைக் காட்டி, "இது எதுக்குங்க?" என்று கேட்டார்.

"ஆறு தாண்டறதுக்கு," என்றான் மச்சான்.

"எந்த ஆறு?"

மச்சான் மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, கண்டக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முக்காலி கட்டின விதத்தைக் காட்ட லாரிக்கு அடியில் போய்விட்டான். பெரிய மனசு அவனுக்கு.

ரிவர்ஸ் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு சட்டை, ஊசி.

"நான் இங்க வந்ததே இல்ல," என்றார், ஏரியைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"ஒன்பதாவது வருஷம். யூனிட்ல எங்க எல்லாரையும் பஸ்ல கூட்டிட்டு வந்தாங்க. நீங்க லோடு போயிருந்தீங்க. அந்த டீக்கடையில கேட்டேன், மலைப் பக்கமா லாரி எல்லாம் வருமான்னு. கடை வெச்ச நாள்ல இருந்து ஒரு லாரி வந்து பாத்ததில்லைன்னார்."

ரிவர்ஸ் கணக்குப் போட்டார். இருபத்திரண்டு வருடம். டீசல் உறைந்தது, சக்கரம் அந்தரத்தில் நின்றது எல்லாம் அதற்குப் பிறகு.

"அப்புறமும் ஏன் கேட்டுக்கிட்டு இருந்தே?"

"நான் வந்துட்டுப் போன ரெண்டாம் நாள் நீங்க வந்து ஏரியைப் பத்திச் சொன்னீங்க. நான் பாத்ததைவிட நல்லா இருந்துச்சு." நூலைப் பல்லால் கடித்தாள். "எனக்காக இவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்றாரேன்னு இருந்துச்சு."

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ நேரா பஸ்லயே வந்திருக்கலாமே," என்றார். "இந்த லாரி, வின்ச்சு, மூணு ஆறு. என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தணுமா?"

"பால்காரர் தெருவுக்கே வர மாட்டேன்னுட்டார். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? வண்டிக்கு அடியில படுத்திருந்த நாலு மாசம்தான் நீங்க நீங்களா இருந்தீங்க." பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "முப்பது வருஷம் எனக்கு ஏரி காட்டின மனுஷன், ஒரு தடவையாவது அதைப் பாக்க வேண்டாமா? அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றாள்.

ரிவர்ஸ் ஏரியைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர். வாத்துகள். நன்றாகத்தான் இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் அவள். "உங்களை எல்லாரும் ரிவர்ஸ்னு கூப்பிடறது, பேச்சுல மாட்டினா நழுவிப் போயிடறீங்கன்னுதான்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டிருந்தேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அப்படி ஒரு வேலைக்காரர்னு ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க."

"அதுல சொல்ல என்ன இருக்கு? அது வேலை."

"பரவால்ல. சொல்லுங்க. முதல் வருஷம், அந்த அஞ்சு நாள், எங்கதான் இருந்தீங்க?"

"ஒரு கிடங்குல. சரக்கு இறக்க ஆள் வரல. மூணு நாள் லாரிக்கு அடியில பாய் போட்டுப் படுத்திருந்தேன்."

அவள் சட்டையைத் திருப்பிப் பிடித்து ஊசியை இழுத்தாள்.

"அப்புறம்?"

கிடங்குக்குப் பக்கத்தில் ஓர் ஆறு ஓடியது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ரிவர்ஸ் அடக்கிக்கொண்டார்.

"அப்புறம் மழை வந்துச்சு," என்றார். "பாயைச் சுருட்டிக்கிட்டுக் கேபின்ல ஏறிட்டேன்."